வளவுக்குள் ஒரு வரம்பு

நனைந்த சாக்கின் மணம் எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கால் குறுகுறுக்கும். பச்சைச் சீமெந்தின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஏழு நாளைக்கு ஒருவரும் மிதிக்கக் கூடாது என்று வாப்பா காவல் இருந்த அந்த வாரத்தில், ஒரே ஒரு தரம் மிதித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்கும் எங்கள் ஆட்டுக்கும்தான் தெரியும். ஆட்டைக் கட்டிப்போட்டார்கள், என்னைக் கட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்முனையில் பெரிய றோட்டுக்கு மேற்கே, வயல் தொடங்குவதற்குச் சற்று முன்னால் எங்கள் வீட்டு வளவு இருந்தது. வாப்பா ‘வட்டவிதானை’. வாய்க்கால் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது, எப்போது அடைப்பது, யாருடைய வரம்பை யார் வெட்டினார் என்று விசாரித்துத் தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் நான் சொல்லும் தொண்ணூறுகளின் தொடக்கம் யுத்த காலம், மேற்கே வயலுக்குப் போனவர் திரும்பி வருவார் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. இரண்டு போகம் வயல் தரிசாகக் கிடந்தது. பொழுது சாயும் முன்பே ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. எல்லாரும்தான் அடைபட்டுக் கிடந்தோம் என்றாலும், ஆயிரம் பேரின் தண்ணீரை ஆண்ட மனிதர் வாசல் கதிரையில் அடைபட்டது பெரிய சத்தமாக இருந்தது. சோற்றில் உப்பு, கோழிக்கூட்டின் கதவு, என் சட்டையின் நீளம், எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார்.

வீட்டில் இன்னொருத்தியும் அடைபட்டிருந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்த ராத்தா, உயர்தரம் படித்து முடித்துவிட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாக இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். கலியாணப் பேச்சு வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். குமர்ப்பிள்ளை றோட்டில் போய் வருவது மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படக் கூடாதாம். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வந்து “ரீச்சர், ரீச்சர்” என்று கத்துவார்கள். அவள் ஜன்னல் கம்பிக்கு உள்ளிருந்து கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். உம்மா துடைப்பத்தோடு வந்தால் ஓடிவிடுவார்கள். வாப்பா கதிரையில் இருந்தபடியே ஒரே வசனத்தைச் சொல்வார்: “இது ஒண்ட வீடு மகள். ஒண்ட வீட்ட வுட்டுப்போட்டு ஊரார்ர புள்ளயளுக்குப் பின்னால என்னத்துக்கு ஓடுற?”

வீடு அவளுடையது என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார், பெற்றவர்கள் பின்னால் சின்னதாக ஒரு குச்சில் வீடு கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் வீட்டைத்தான் பார்ப்பார்கள். பேச்சைக் கொண்டுவந்த பெண்மணி வெற்றிலையை மடித்துக்கொண்டே போட்ட குண்டு இதுதான்: “ஊடு நல்லம். ஆனா கடப்படியிலரிந்து வாசப்படி மட்டும் மணல்ல கால் புதையிது. மாப்புள்ளட உம்மாக்கு முழங்கால் நோவு.”

அன்றே வாப்பா எழுந்து நின்றார். கடப்படி என்பது வளவின் வாயில். அங்கிருந்து வீட்டு வாசற்படி வரைக்கும் நேராக ஒரு கொங்கிறீட் நடைபாதை போடுவது, அதுவும் செலவு கையைக் கடிக்காமல் போடுவது என்று முடிவாயிற்று. அடித்தளத்துக்கு இடிந்த மதிலின் செங்கல், உடைந்த ஓடு, வேலியோரத்தில் கிடந்த கல் எல்லாம் போயின. ஓரம் கட்டுவதற்கு என் பழைய கட்டிலின் பலகைகளைக் கழற்றினார். கடல் மணல் சும்மா கிடக்கிறதே என்று உம்மா சொன்னதற்கு, “உப்பு மணல் கொங்கிறீட்டத் தின்னும்” என்று மறுத்து, ஆற்று மணலுக்கு மட்டும் தாராளமாக இருந்தார். மேசன் காக்கா ஒருவர் ஒரு நாள் வந்தார், மற்ற நாட்களில் நாங்கள்தான் வேலையாட்கள். ராத்தா சல்லிக்கல் அள்ளினாள், நான் தண்ணீர் சுமந்தேன். மணலில் கால் புதையக் கூடாது என்று பாதையை முக்கால் முழம் உயர்த்தினார்கள். அப்போது மேசன் காக்கா தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: “விதானையார், நடுவுல ஒரு குழாய் வெச்சி வுடுவமா? மாரித் தண்ணி போறத்துக்கு.”

“எனக்கா நீ தண்ணி படிப்பிக்கிற?” என்றார் வாப்பா. மேசன் காக்கா குழைத்த சீமெந்தைக் கொட்டத் தொடங்கினார்.

சாக்கை எடுத்த நாள் எங்களுக்குப் பெருநாள். சாம்பல் நிறத்தில், மட்டம் பிசகாமல், வெள்ளை மணலின் நடுவே அது கிடந்த அழகைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். நான் யாரை ஏறவிடுவது, யாரை விடாதது என்று தீர்ப்புச் சொன்னேன். வாப்பாவின் பிள்ளைதானே. வெயில் தாழ்ந்த பிறகு அதில் வெறுங்காலோடு நடந்தால் சூடு மெல்ல மேலே ஏறும். ராத்தா மட்டும் அதில் கடப்படி வரைக்கும் நடந்துபோய், வெளியே ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள்.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பார்கள். வாப்பா போட்டது அந்த அணைதான் என்பது மாரி பிறந்த பிறகே தெரிந்தது. எங்கள் வளவில் கிணறும் குசினியும் கக்கூசும் வடக்குப் பக்கம், மழைத் தண்ணீர் வடிகிற கான் தெற்குப் பக்கம். இடையில் கிழக்கு மேற்காக, ஒரு துளைகூட இல்லாமல், எங்கள் அருமைப் பாதை. திங்கள் இரவு தொடங்கிய மழை செவ்வாய் முழுக்கப் பெய்தது. வடக்கு வளவு குளமாயிற்று. புதன்கிழமை காலை அடுப்புக்குள் தண்ணீர், கிணற்றடியும் கக்கூசும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கோழி, ஆடு, விறகுக் கட்டு, சோற்றுப் பானை, நான், எல்லாரும் பாதையில் ஏறி நின்றோம். தெற்குப் பக்கத்தில் மணல் வெறும் ஈரமாக, சிரித்துக்கொண்டு கிடந்தது. வேலிக்கு மேலால் தலையை நீட்டிய பக்கத்து வீட்டுக்காரர், “விதானையார், வளவுக்குள்ள எத்தின ஏக்கர் வெதச்சிரிக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். வாப்பாவின் முகத்தை அன்று பார்த்தவர்கள் பாவம்.

“ஒடச்சி வுடுங்களன்” என்றார் உம்மா, கெண்டைக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு. “அடுப்பு மூட்ட வழியில்ல.”

“வெள்ளிக்கிழம மட்டும் பொறு. அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். சனிக்கிழம நானே ஒடைக்கிறன்.”

அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது அந்த வெள்ளிக்கிழமைதான். இன்னும் இரண்டு நாள். ராத்தா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில் கேட்டாள்.

“வாப்பா, இது ஆர்ர வீடு?”

“இது என்ன கேள்வி? ஒண்ட வீடுதான்.”

“அப்ப சரி” என்றாள்.

தண்ணீரில் இறங்கி, குசினிக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தாள். கடப்பாரை என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள், அவளுடைய உயரத்துக்குச் சரியாக இருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாதையின் நடுவில் ஓங்கிக் குத்தினாள். முதல் குத்துக்குப் பொறிதான் பறந்தது. நான் வாய்விட்டு அழுதேன். ராத்தாவுக்காக அழுதேன் என்று இவ்வளவு காலத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் நான் அழுதது கொங்கிறீட்டுக்காக. “ஒடைக்காத ராத்தா, ஒடைக்காத” என்று அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். உம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். வாப்பா கதிரையை விட்டு எழுந்து பாதை வழியே வந்தார். அலவாங்கைப் பறிக்கப்போகிறார், அடிக்கப்போகிறார் என்றுதான் நாங்கள் எல்லாம் நினைத்தோம்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். மற்றப் பக்கத்து மணலைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“அங்க இல்ல புள்ள. தாழ்வு இஞ்சால. ரெண்டு முழம் கிழக்கால ஒட.”

ராத்தா இரண்டு முழம் தள்ளி நின்று குத்தினாள். எத்தனையாவது குத்திலோ பாளமாக வெடித்தது. உள்ளே கிடந்த செங்கலையும் ஓட்டுத் துண்டுகளையும் வாப்பாவே குனிந்து கையால் இழுத்துப் போட்டார். மஞ்சள் தண்ணீர் ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தத்தோடு பாய்ந்து, கோழி இறகையும் என் ஒற்றைச் செருப்பையும் அள்ளிக்கொண்டு கானுக்கு ஓடியது. வயல் வரம்பில் தண்ணீர் போவதற்கு வெட்டும் வாயை ‘வக்கடை’ என்பார்கள். இரண்டு போகமாக ஒரு வக்கடையும் காணாத மனிதர் நனைந்துகொண்டு அதையே பார்த்து நின்றார். அவருக்குச் சந்தோஷம் என்பது எனக்கே விளங்கியது.

சந்தோஷம் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். உடைந்த இடத்துக்கு மேலே ஒரு பலகையைப் போட்டார்கள். மாப்பிள்ளையின் உம்மா முழங்கால் நோவோடு பலகையைக் கடந்து வந்து உட்கார்ந்து, “பாத வேல முடியல்லயா?” என்று கேட்டார். “மழைக்கு வெடிச்சிப் போச்சி” என்று உம்மா தொடங்கினார். தேத்தண்ணீர்த் தட்டோடு தலை குனிந்து நிற்க வேண்டிய ராத்தா தலையை நிமிர்த்தினாள்.

“வெடிக்கல்ல மாமி. நான்தான் ஒடச்ச.”

“என்னத்துக்கு மகள்?”

“தண்ணி போறத்துக்கு.”

வட்டலப்பம் சாப்பிட்டார்கள், துஆ ஓதினார்கள், போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்காரப் பெண்மணி வந்து, “புள்ளயில ஒரு கொறயுமில்ல, கை மட்டும் கொஞ்சம் வேகமாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். உம்மா அழுதார். வாப்பா வாசல் கதிரைக்குத் திரும்பிப் போனார். திங்கட்கிழமை காலை ராத்தா குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகப் படியிறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. கதிரையிலிருந்து ஒரு குரல்தான் வந்தது: “பலக வழுக்கும். பாத்துப் போ.”

சில ஆண்டுகளில் அவளுக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது, தூரத்து ஊரில். அங்கேயே படிப்பிக்கிற ஒருவரைக் கலியாணம் செய்து, அங்கேயே இருந்துவிட்டாள். ஊர் பேசிய பேச்சையெல்லாம் உம்மாதான் வாங்கிக்கொண்டார். வீடு எனக்கு வந்தது.

தொண்ணூறுகள் முடிகிற நேரத்தில் என்னைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. மேசை லாச்சிக்குள் ஆசிரியர் கல்லூரிக்கு நான் நிரப்பி வைத்த ஒரு விண்ணப்பம் கிடந்தது, ராத்தா அனுப்பியது. அந்த வாரம் வாப்பாவே சீமெந்து குழைத்து வக்கடையை அடைத்தார், இந்தத் தரம் அடியில் ஒரு குழாயும் வைத்து. ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு நிமிர்ந்து, “இது ஒண்ட வீடு மகள்” என்றார்.

“ஓம் வாப்பா” என்றேன். எனக்கு அந்தப் பாதை முழுசாக இருக்க வேண்டும் என்று சின்ன வயதில் அழுதவள்தானே நான். விண்ணப்பம் லாச்சியை விட்டு வெளியே வரவேயில்லை.

வாப்பாவும் உம்மாவும் இப்போது இல்லை. ஈர்க்குமாற்றால் கூட்டிய கோடு விழுந்த மணல் வளவும் இல்லை. என் கணவர் நல்ல மனிதர், வளவு முழுக்கக் கல் பதித்துவிட்டார், பழைய பாதையை மட்டும் நான் கேட்டதற்காக விட்டு வைத்திருக்கிறார். அடைத்த இடம் இன்றும் மற்றதைவிடக் கறுப்பாகத் தெரியும். வாப்பா வைத்த குழாய் எப்போதோ தூர்ந்துவிட்டது. போன மாரியில் தண்ணீர் படியேறி வந்தபோது மோட்டர் வைத்து இறைத்தோம். செய்தி கேட்டு ராத்தா தொலைபேசி எடுத்தாள்.

“ஏன்டி, அலவாங்கு இல்லையா ஊட்டில?”

“இரிக்கி” என்றேன்.

குசினிக் கதவுக்குப் பின்னால், அவள் அன்று திருப்பிக் கொண்டுவந்து சாத்திய இடத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாரிக்கு முன்னாலும், துருப்பிடிக்காமல், நான்தான் அதற்குத் தேங்காய் எண்ணெய் பூசி வைக்கிறேன். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.