தபால்காரம்மாவின் வரிசை

தினமும் காலையில் அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல், நின்றபடியே குனிந்து கணினியில் நாலு எழுத்துத் தட்டுகிறாள். திரையில் பெயர்களும், காத்திருக்கும் மெயில்களின் எண்ணிக்கையுமாக ஒரு பட்டியல் விரிகிறது. மலைச் சுரங்கம், முப்பத்தொன்று. மீன்பிடிக் கப்பல், எட்டு. தீவு மருத்துவமனை, பன்னிரண்டு. பார்த்து முடித்த பிறகுதான் பை இறங்கும், மின்விசிறி சுழலும்.

இணையச் சேவை தரும் அந்தச் சின்ன நிறுவனத்தில் அவளுக்குத் தபால்காரம்மா என்று பெயர். நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ மட்டும் இணைப்புக் கிடைக்கிற வாடிக்கையாளர்கள் அவள் பொறுப்பு. அவர்களுக்கு வரும் மெயில்களை வரிசையில் நிறுத்தி வைத்து, அவர்கள் கணினி வந்து கேட்ட நொடியில் ஒன்று விடாமல் கொடுத்துவிட வேண்டும். மெயில்தான் உடனே போய்விடுகிறதே, அதற்கு ஒரு ஆளா என்று நாத்தனார் ஒருமுறை கேட்டாள்.

"உடனே போறதுக்கு நான் எதுக்கு? போகாததுக்குத்தான் நான்."

புது வாடிக்கையாளருக்கு எல்லாம் அமைத்து முடித்ததும் லைனைப் பிடுங்கச் சொல்வாள். அவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். "இருக்கும்போது ஓடுறதைப் பாத்து என்ன பண்ண? இல்லாதப்ப தாங்குதான்னு பாக்கணும்."

போன மழைக்காலத்தில் புயல் தீவின் தொலைத்தொடர்புக் கோபுரத்தைச் சாய்த்தது. போனும் இல்லை, இணையமும் இல்லை. ஐந்து நாளில் சேராத மெயில் அனுப்பியவருக்கே திரும்பிவிடும் என்பது நிறுவனத்தின் விதி. தீவுக்கு மட்டும் அந்தக் கெடுவைத் தள்ளிவைத்தாள். ஆறாம் நாள் மேலாளர் வந்து, சர்வரில் இடம் நிரம்பிவிட்டது, திருப்பி விட்டுவிடு என்றார்.

"திரும்பிப் போனா, சேரலைன்னு அவங்களும் விட்டுடுவாங்க சார். பரிசோதனைக் கூடத்துலேர்ந்து வந்ததே ஒன்பது நிக்குது. இடம் நான் பண்ணித் தர்றேன்."

மதியச் சாப்பாட்டை மறந்து, யாரும் சீண்டாத பழைய கோப்புகளைத் தேடித் தேடி அகற்றினாள். நாளை ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது என்றார் மேலாளர். என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொன்றேகாலுக்குத் தீவின் கணினி இணைப்பில் வந்தது. காத்திருந்த மெயில்களின் எண் திரையில் இறங்கத் தொடங்கியது. நானூற்றுப் பதினேழு. நானூறு. முந்நூற்று எண்பது. அலுவலகமே அவள் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டது. நடுவில் ஒரு முறை இணைப்பு அறுந்தது. எண் அப்படியே நின்றது. மீண்டும் வந்ததும் விட்ட இடத்திலிருந்து இறங்கியது. கடைசியில் பூஜ்யம்.

பிற்பகலில் தீவிலிருந்து நர்ஸ் அழைத்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் ரத்தப் பரிசோதனை முடிவு அந்த மெயில்களுக்குள் இருந்ததாம். அங்கே வைத்துப் பிரசவம் பார்த்தால் தாய் பிழைப்பது கஷ்டம் என்று எழுதியிருந்ததாம்.

"இப்பத்தான் படகுல ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு வர்றேன்க்கா. நீங்க பத்திரமா வச்சிருந்தீங்களே, அதான்."

"வச்சிருக்கத்தானே இருக்கேன்" என்றாள்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். இந்த மாதிரி வாடிக்கையாளர்களுக்கு அந்த ஐந்து நாளை எத்தனை நாளாக மாற்றலாம் என்று, திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

அவள் அந்த ஐந்து இருந்த இடத்தைத் திரையில் திறந்து வைத்தாள். எழுந்து தன் நாற்காலியை விட்டு ஒதுங்கி, விசைப்பலகையை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.