இடுப்பில் இருந்த நடை மெஷின்

நர்ஸ் படிப்புக்குப் போய் வந்துகொண்டிருந்த பேத்தி எனக்கு ஒரு நடை மெஷின் வாங்கி வந்தாள். தீப்பெட்டி அளவுதான். இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் எத்தனை எட்டு வைத்தோம் என்று காட்டும். எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, உட்கார்ந்தே இருந்தால் வந்தே விடும் என்று விருதுநகர் டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனக்கு எண் படிக்கத் தெரியாது. சாயங்காலம் பேத்தி பார்த்துச் சொல்வாள். பெரிய எண்ணாக வந்தால் எனக்குத் தோடு போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும்.

நான் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனிக்குள் அதைக் கொண்டு போகக் கூடாது. உள்ளே பேட்டரியும் இரும்பும் இருக்கிறதே. தினமும் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவேன். அது தீபாவளி சீசன், அன்று வேன் பிந்திவிட்டது. எல்லோரும் ஒரே ஓட்டமாக உள்ளே போனோம்.

மருந்து அடைக்கிற அறையில் நாங்கள் நாலு பேர். தண்ணீர் குடிக்க எழுந்து ஓர் எட்டு வைத்தேன். டிக். இன்னோர் எட்டு. டிக். இடுப்பைத் தொட்டேன், அப்படியே நின்றுவிட்டேன்.

சுற்றிலும் தட்டுத் தட்டாகக் கருமருந்து. எட்டு வைத்தால் மெஷினுக்குள் இரும்பு தட்டுகிறது, ஒரு பொறி போதும். வைக்காமல் எப்படி வெளியே போவது? வாயைத் திறந்தால் வேலை போகும். பக்கத்தில் இருந்தவளுக்கோ பால்குடிப் பிள்ளை.

"ஏய், எல்லாரும் வெளிய போங்கடி. என் இடுப்புல மெஷின் இருக்கு."

"எத்தே, விளையாடாதீக!"

"விளையாடுற எடமாடி இது? போங்கடி!"

போனார்கள். போர்மேன் வெறுங்காலோடு ஓடி வந்தார்.

"ஆத்தா, அசையாதீக. அதைக் கழட்டவும் வேண்டாம்."

தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். வியர்வை என் கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை தூக்கவில்லை. பிறகு தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றினார்.

"இப்ப வாங்க. மெதுவா."

டிக். டிக். வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை வந்ததும் மெஷினைக் கழட்டிப் போர்மேனிடம் நீட்டினேன்.

"நடக்க அம்புட்டு ஆசையா? நாளையில இருந்து மருந்து ரூம் வேண்டாம். ரூம் ரூமாத் தண்ணி சுமங்க!" என்று போர்மேன் கத்தினார்.

தண்டனையாம்! சிரிப்பை மறைக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் வரை குடமும் கையுமாக நடந்தேன். "எத்தே, எங்க ரூமுக்கும் ஒரு நடை!" என்று ஆளாளுக்குக் கேலி. வீட்டுக்கு வந்ததும் பேத்தி எண்ணைப் பார்க்க மெஷினைக் கேட்டாள். அதுதான் பகல் முழுக்க வாட்ச்மேனிடம் சும்மா கிடந்ததே! வீங்கியிருந்த காலை நீட்டிக் காட்டினேன்.