ரசமட்டத்துக்கு நான் வைத்த பாக்கி

ரசமட்டத்துக்குப் பதினோரு நாள் கூலியில் பாதியை நான் பாக்கி வைத்திருந்தேன். அதற்காக அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. காலையில் வருவான், காது மிஷினைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போடுவான், பூச்சுக் கரண்டியை எடுப்பான். அப்புறம் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்ப மாட்டான். மாலையில் கேட்டால், "சிமெண்டுத் தூசி பட்டா மிஷின் போயிடும் மொதலாளி. இன்னிக்கு ஏசினத நாளைக்குச் சேத்துக் கேட்டுக்கறேன்" என்பான்.

கொத்தனார். வயது ஐம்பது. ஏழு வருடமாக என்னிடம் வேலை. மட்டம் பார்க்கும் ரசமட்டக் கட்டையைக் கீழே வைக்காமல் கட்டுகிறவன் என்பதால் அந்தப் பெயரை வைத்தது நான்தான். இரண்டு வருடம் முன் கழுத்தில் புற்றுநோய். ஏற்றிய மருந்து நோயைத் துரத்தியது. கூடவே காதில் பாதியையும் நடையின் நிதானத்தையும் துரத்திவிட்டது. "வீட்டக் காலி பண்ணினவன் சும்மா போவானா? ரெண்டு சாமானத் தூக்கிட்டுப் போயிட்டான்" என்பான். காதுக்குள் ஓயாத விசில் வேறு. "அணைக்க மறந்த குக்கரு."

காலை அகட்டி, ஒரு விரலால் சுவரை உரசியபடி நடப்பான். தெரியாதவர்கள் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டதாக நினைப்பார்கள். "குடிக்காமலே ஆடறேன். எவ்வளவு மிச்சம் பாருங்க!" இரண்டு கண்ணையும் மூடினால் சாய்ந்துவிடுவான். அதனால் முகத்தில் பாதிக்குச் சோப்புப் போட்டு, மறு கண்ணால் குழாயை முறைத்துக்கொண்டே கழுவுவான். பிறகுதான் மறு பாதி.

நான் நாலாவதைத் தாண்டாதவன். இன்று கட்டட வேலையில் முப்பது பேருக்குக் கூலி கொடுக்கிறேன். என் கிடங்கை முப்பது வருடம் முன் நானே கட்டினேன், நூல் பிடிக்காமல், வெறும் கண்ணால். புதிதாக வரும் எவனுக்கும் அந்தச் சுவரைக் காட்டாமல் விட்டதில்லை. அப்படிப்பட்டவன், நோய் தீர்ந்து ஆடிக்கொண்டே வேலைக்குத் திரும்பியவனுக்கு முழுக் கூலி கொடுப்பேனா? சாரம் ஏற வேண்டாம், கிடங்கை ஒட்டி ஆள் உயரச் சுவர் ஒன்று எழுப்பு, பாதிக் கூலி என்றேன்.

கலவைச் சட்டியோடு நின்ற அவன் மனைவி விடவில்லை. "கூலி காதுக்கா குடுக்கறீங்க, கைக்கா?"

"விடு" என்றான் அவன். "மீதிய பாக்கின்னு வைங்க மொதலாளி. சொவரு கோணினா ஒத்தப் பைசா வேணாம். நேரா நின்னா மொத்தமும் வாங்குவேன். அப்புறம் என்னிக்கும் முழுக் கூலிதான்."

பதினோராம் நாள் போய்ப் பார்த்தேன். புதுச் சுவர் அடியில் கிடங்கோடு ஒட்டியிருந்தது. மேலே ஒரு விரல் இடைவெளி. எனக்கு உள்ளுக்குள் குஷி. "பாத்தியா? உன்ன மாதிரியே உன் சொவரும் சாயுது!" என்று இடைவெளியில் விரலை விட்டுக் காட்டினேன்.

அவன், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடும் தூக்குக்குண்டை என் கையில் கொடுத்தான். அவன் சுவரில் பிடித்தேன். மேலிருந்து கீழ்வரை நூல் மயிரிழை விலகவில்லை. பிறகு குண்டை வாங்கி, சுவரைத் தடவியபடி இரண்டு எட்டு நகர்ந்து, என் கிடங்குச் சுவரில் தொங்கவிட்டான். கீழே குண்டு சுவரைத் தொட்டது. மேலே நூல் ஒரு விரல் தள்ளி நின்றது.

"முன்னாடியே தெரியுமா?" என்று சாடையில் கேட்டேன்.

"ஏழு வருஷமாத் தெரியும். நீங்க ஆசையாச் சொல்லிட்டு இருக்கீங்க, நான் எதுக்குக் கெடுக்கணும்?"

மனைவி வெறும் சட்டியைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். சட்டி குலுங்கியது.

இடைவெளியை ஒருவருக்கும் தெரியாமல் பூசி அடைக்கச் சாடை காட்டினேன். "அதுக்குத் தனிக் கூலி" என்றான். மடியிலிருந்து பணத்தை எடுத்தேன்.

"இருங்க."

தோளைத் தன் சுவரில் சாய்த்து நின்று, துணியைப் பிரித்து, மிஷினை ஊதித் துடைத்துக் காதில் மாட்டினான். பிறகு கையை விரித்தான். "இப்ப எண்ணுங்க. நோட்டுச் சத்தம் கேக்கணும்."

ஒவ்வொரு நோட்டாகச் சொடுக்கி, வாய்விட்டு எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தேன்.