இல்லிரிய ராஜாக்களின் பாறையில் எல்லப்பன் வேண்டிக்கொண்டது

ராயபுரத்திலிருந்து கிளம்பி எத்தனையோ துறைமுகம் பார்த்துவிட்டேன். அல்பேனியா தேசத்துத் துராசோவைப் போல என்னைக் குழப்பிய ஊர் வேறில்லை. எங்கள் சரக்குக் கப்பல் பாய்லர் பழுதாகி அங்கே நின்றுவிட்டது. நான் கப்பலில் ஸ்டோர் குமாஸ்தா. அந்த நாட்டைப் பழங்காலத்தில் ஆண்ட இல்லிரிய ராஜாக்கள் மலைக்குள்ளே பாறையைக் குடைந்து என்னென்னவோ செய்திருக்கிறார்கள் என்று இரண்டாம் எஞ்சினீயர் சொன்னதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாய்லருக்குக் கரி தள்ளும் காசிமேட்டு எல்லப்பனையும் கூட்டிக்கொண்டேன். ஊரில் அவன் மனைவிக்கு அது பேறுகால மாதம். முந்தைய இரண்டு குழந்தைகளும் பிறந்த அன்றே போய்விட்டன. கப்பலில் விட்டால் அதையே நினைத்துக்கொண்டிருப்பான்.

முதல் நாள் லாரியில், கம்பளி மூட்டைகளுக்கு நடுவே, எல்பசான் வரை ஏறக்குறைய ஐம்பது மைல். ஆளுக்கு இரண்டு பிராங்க். மறுநாள் பைராம் என்பவரின் கோவேறு கழுதைகள். ஷ்கும்பின் ஆறு ஒரு சமயம் வலப்பக்கம் வந்தது, ஒரு சமயம் இடப்பக்கம். போகிறோமா, திரும்புகிறோமா என்றே எனக்கு விளங்கவில்லை. பைராம் துருக்கிப் பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய துருக்கியும் எங்கள் கப்பல் இந்துஸ்தானியும் அங்கங்கே ஒட்டின, மற்றதெல்லாம் கைஜாடைதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் செல்ட்சா, எஞ்சினீயர் சொன்ன இடம். குன்றின் உச்சியில் ஒரு நகரமே இருந்ததாம். இடிந்த மதில் கற்களுக்கிடையே ஆடுகள் மேய்ந்தன. சரிவில், பாறையோடு பாறையாகத் தூண்கள், அரைவட்டக் கல் ஆசனம், கேடயம், தலைக்கவசம். மகாபலிபுரத்தில் நிற்கிறேனோ என்று தடுமாறிப்போனேன். ஓரிடத்தில், குடைந்த அறையின் வாசலுக்கு மேலே, ஒரு மாட்டுத் தலை.

"நந்தி கீது பாரு நைனா," என்றான் எல்லப்பன்.

பூட்ஸைக் கழற்றிப் போட்டான். நானும் கழற்றினேன். கற்பூரத்துக்குப் பதில் தீக்குச்சியைக் கொளுத்திச் சுற்றினான். தாயும் பிள்ளையும் பிழைத்தால், அந்த வாசலிலேயே கொண்டுவந்து முதல் மொட்டை போடுவதாக உரக்கவே வேண்டிக்கொண்டான்.

பைராம் எங்கள் வெறுங்காலைப் பார்த்து விழித்தார். உள்ளறையைக் காட்டி, தரையில் மல்லாந்து படுத்து, கையைக் கட்டிக் கண்ணை மூடினார். எழுந்து, "மஜார்" என்றார். தர்காக்களில் கேட்டுப் பழகிய சொல்தான். சமாதி.

எல்லப்பன் முகம் செத்துவிட்டது. நேரே ஓடைக்குப் போய், அந்தப் பனித் தண்ணீரில் உடுத்த துணியோடு முழுக்குப் போட்டான். வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும்? ராயபுரத்தில் தர்காவுக்கும் போய் வேண்டிக்கொள்கிறோமே, அதுவும் சமாதிதானே என்றேன்.

"அங்க கீறவரு பேரு தெரியும். இங்க யாரு? காதுல வாங்குனாரா இல்லியான்னே தெரிலியே."

திரும்பும் வழியெல்லாம், நான்தான் அவனை இழுத்து வந்தேன் என்று என்னையே நொந்துகொண்டேன்.

சென்னை வந்து இறங்கியபோது பெண் குழந்தை, தாயும் சுகம். எனக்கே கண் கலங்கிவிட்டது. வருஷம் திரும்பியதும் வீட்டார் திருவொற்றியூரில் மொட்டைக்கு ஏற்பாடு செய்தார்கள். எல்லப்பன் நாவிதரைத் திருப்பி அனுப்பிவிட்டான். மனைவி அழுதாள். சமாதிக்குச் செய்த வேண்டுதல் செல்லுமா என்று நானும் வாதாடிப் பார்த்தேன்.

"கொழந்த உசுரோட கீது. அப்போ காதுல வாங்கிகினுதானே கீறாரு," என்றான்.

அவன் சொல்வது சரியா, தப்பா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. குழந்தைக்கு ஐந்து வயதாகிறது, முடி இடுப்புக்கு வந்துவிட்டது. ஆள் எடுக்கும் கப்பல் எது வந்தாலும் எல்லப்பன் போய் நிற்கிறான். சம்பளம் கேட்பதில்லை. துராசோ போகுமா என்கிறான். போகும் என்றால், ஒரு சின்னப் பெண்ணையும் ஏற்றிக்கொள்வீர்களா என்று கேட்கிறான்.