அக்காவின் காலுக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

சம்பங்கி வாசனை எனக்கு ஒருபோதும் தனியாக வருவதில்லை, ஃபினாயிலையும் கூட்டிக்கொண்டுதான் வரும். கல்யாண மண்டபத்தில் யார் கழுத்து மாலையிலிருந்து அடித்தாலும் சரி, மூக்கு நேராக ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் போய் நின்றுவிடும். தரையை அப்போதுதான் துடைத்திருப்பார்கள். என் அக்கா இடது காலைக் கட்டோடு நீட்டிக்கொண்டு, காலையிலிருந்து வாய்க்கு ஒன்றும் கொடுக்காத எங்களைத் திட்டிக்கொண்டிருப்பாள். கொடுக்கக்கூடாது என்று சொன்னது நர்ஸ். திட்டு எங்களுக்கு.

அக்கா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனி கேன்டீனில் தோசை சுடுபவள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களின் பூட்ஸில் ஒட்டிவந்த இரும்புச் சீவல் ஒன்று அவள் செருப்பைத் துளைத்து ஏறியது. சர்க்கரை உடம்பு. இதற்குப் போய் லீவா என்று மஞ்சளை அப்பிக் கட்டிக்கொண்டு பத்து நாள் நின்று தோசை சுட்டாள். பதினோராம் நாள் கால் செருப்புக்குள் நுழையவில்லை.

டாக்டர் சின்னப் பெண். எங்களை வராந்தாவுக்கு அழைத்தார்.

“முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும் சார். இன்னிக்கே. விட்டா விஷம் ரத்தத்துல பரவி உயிருக்கே ஆபத்து.”

அக்காவின் கணவர், என் மாமா, சோழவரம் பக்கம் நெல் போடுகிறவர். ஏரித் தண்ணீருக்காக ஊரையே எதிர்த்து நிற்பவர், இங்கே தோளில் கிடந்த துண்டைக் கைக்கு இறக்கிக்கொண்டார்.

“அவகிட்ட சொல்லாதீங்கம்மா, பயந்துக்குவா. நீங்களே ஒரு முடிவு பண்ணிடுங்க. கவர்மெண்டு ஆஸ்பத்திரி, கவர்மெண்டு சொன்னா சரிதான்.”

“காசு வாங்கலன்றதுக்காக நானே காலை எடுத்துட முடியாது சார். எடுத்தா பொழைப்பாங்கன்னு நான் சொல்லலாம். எடுங்கன்னு அவங்கதான் சொல்லணும். நினைவு நல்லாத்தானே இருக்கு? பதினோரு மணிக்கு வந்து அவங்ககிட்டயே பேசறேன். அதுக்குள்ள நீங்க பக்குவமா சொல்லி வைங்க.”

பக்குவமாக நாங்கள் வாசலுக்குப் போனோம்.

“பிரைவேட்டா இருந்தா காலை வெச்சிக்கினே பாப்பாங்க மச்சான்,” என்றார் மாமா. “இங்க வெட்டிட்டா வேல முடிஞ்சிதுன்னு பாக்கறாங்களோ?” இருக்காது என்றேன். அப்போ வெட்டலாமா என்றார். அதற்கும் தெரியாது என்றேன். சுதந்திரத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அவளைக் கேட்போம் என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

வாசலோரம் ஒரு சின்னப் பிள்ளையார். எங்கள் வீட்டில் பெரிய முடிவெல்லாம் இப்படித்தான். வெள்ளைப் பூவில் ஒரு பொட்டலம், சிவப்பில் ஒரு பொட்டலம், சாமி முன்னால் குலுக்கிப் போட்டு, விஷயம் தெரியாத யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வோம். நிலம் வாங்கப் பார்த்திருக்கிறோம், போர் போடப் பார்த்திருக்கிறோம், பெண் கொடுக்கப் பார்த்திருக்கிறோம். காலுக்குப் பார்த்ததில்லை. இருபது வருடமாக இதிலெல்லாம் நம்பிக்கையில்லாத நான்தான் சம்பங்கியும் அரளியும் வாங்கி மடித்துக் கட்டினேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. வெள்ளை வந்தால் காலை விட்டுவிடுவது, சிவப்பு வந்தால் எடுப்பது. பூ விற்ற அம்மாவையே எடுக்கச் சொன்னோம்.

“இன்னாத்துக்கு நைனா?”

“சும்மா எடுங்கம்மா.”

வெள்ளை.

மாமா பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வார்டுக்குள் நுழைந்தோம், அவ்வளவுதான், அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

“இன்னாயா, சம்பங்கி வாசன வருது? யாருக்குப் பூக்கட்டிப் பாத்தீங்க?”

மாமா மின்விசிறியைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். கால், விஷம், இன்றைக்கே, வெள்ளை, எல்லாம் ஒரே மூச்சில்.

அவள் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்தது. வழியவில்லை.

“என் கல்யாணத்துக்கும் பூதான் கட்னாங்க. என்னிய ஒரு வார்த்த கேக்கல. அன்னிக்கும் வெள்ளதான் வந்துச்சு.” மாமாவின் பக்கம் கையை நீட்டினாள். “தோ நிக்குது.”

பக்கத்துக் கட்டில் அம்மா, சலைன் ஏறிக்கொண்டிருந்த கையோடு, கொல்லென்று சிரித்தாள். மாமாவுக்கே உதடு கோணியது.

இதையெல்லாம் எழுதலாமா என்று போன வாரம் அக்காவுக்கு போன் போட்டேன். “இப்பவாவது கேட்டியே,” என்றாள்.

அன்று பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார்.

“எடுத்தா பொழைப்பனா?”

“நல்ல வாய்ப்பு இருக்கும்மா. எடுக்கலன்னா ரொம்பக் கஷ்டம்.”

“நின்னு தோச சுடலாமா?”

“புண்ணு ஆறினப்புறம் செயற்கைக் கால் குடுப்பாங்க. பழகறதுக்கு மாசக்கணக்கா ஆகும்.”

“அது வரிக்கும் ஸ்டூல் போட்டுக்கினு சுட்டுக்கறேன். பேனாவ குடும்மா.”

“சாமி வேணாம்னு சொல்லிச்சேடி,” என்றார் மாமா, பையைத் தொட்டுக்கொண்டு.

“பூவுக்கு சக்கர வியாதி கீதாயா?”

உயிர் போகிற விஷயத்தில் யார் முடிவு செய்வது என்று யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் நான் வெளியே போய் நின்றுகொள்வேன். படிப்பு டாக்டரிடம் இருந்தது. கட்டிலும் மருந்தும் அரசாங்கத்தினுடையவை. எங்களிடம் இருந்தது வெறும் பயம், அதற்குத்தான் பூச்சுற்றினோம். கால் மட்டும் அவளுடையது. அவள் வேண்டாம் என்றிருந்தால்? டாக்டர் அதற்கும் தலையாட்டியிருப்பாரா, நான் விட்டிருப்பேனா, தெரியவில்லை. அன்று எனக்குத் தெரிந்தது அவள் கோணல்மாணலாகப் போட்ட கையெழுத்து மட்டும்தான்.

தியேட்டர் கதவு வரை ஸ்ட்ரெச்சரோடு போனோம். மாமா கம்பியைப் பிடித்த கையை விடவில்லை. கட்டிய நாளிலிருந்து அவளிடம் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“நான் இன்னா பண்ணட்டும்டி?”

அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள்.

“ரெண்டு பேரும் போய் நாஷ்டா துன்னுங்க. இட்லியா பொங்கலான்னு பூக்கட்டிப் பாத்துக்கினு நிக்காதீங்க.”