ஐ ஆம் கமிங், சேர்

நேற்றுப் பின்னேரம் வெள்ளவத்தைச் சந்தையடியில் மஞ்சள் ரீ-ஷேர்ட் போட்ட ஒரு பிள்ளை என் கையில் ஒரு தாளைத் திணித்தாள். நரைத்த தலையைப் பார்த்தாவது விட்டிருக்கலாம். "உங்கட மகனுக்கு, மகளுக்குக் குடுங்கோ அங்கிள்" என்றாள். மகனும் இல்லை, மகளும் இல்லை என்று அவளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது? வாங்கிக்கொண்டேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளம்பரம். ஒரு பக்கம் 'கம்பஸ் வாழ்க்கை', மறுபக்கம் 'வேலை வாய்ப்புகள்'. நடுவே புல்வெளியில் நாலு பேர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஹோல்டில் நின்றபடி நான் முதலில் செய்த காரியம், அந்தத் தாளை மூக்கருகே கொண்டுபோனதுதான். பக்கத்தில் நின்ற மனுசி என்னைப் பார்த்துக் கொஞ்சம் விலகி நின்றாள்.

மினுங்கும் தாளுக்கு ஒரு வாசம் உண்டு. பசையும் மண்ணெண்ணெயும் புதுச் சப்பாத்தும் சேர்ந்த மாதிரி. யுத்த காலத்தில் என் மூக்குக்கு வெளிநாடு என்றால் அந்த வாசம்தான். இந்தத் தாளில் அது இல்லை. வெயிலில் காய்ந்த கைவாசம் மட்டும் இருந்தது.

அந்த நாட்களில் காலி வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஒடுங்கிய மரப்படி ஏறினால் எங்கள் கந்தோர். எங்கள் என்றால் தேவா அண்ணையும் நானும் ஒரு மின்விசிறியும். வெளிநாடு போய்ப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது அண்ணையின் தொழில். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கி, வேலை தேடித் திரிந்த என்னை அவர் எடுத்ததற்கு ஒரே காரணம், நான் ஆங்கிலத்தை வாயைத் திறக்காமல் சரியாக எழுதுவேன். "கதைக்கவும் வேணும் தம்பி" என்று சொல்லி, ஒரு கழுத்துப்பட்டியையும் மாட்டி, என்னை இன்டர்வியூ ஒபிசர் ஆக்கினார். அதாவது தூதரகத்து வெள்ளைக்கார அதிகாரி மாதிரி நான் மேசைக்குப் பின்னால் இருந்து முறைக்க வேண்டும். பிள்ளைகள் எனக்குப் பதில் சொல்லிப் பழக வேண்டும். பஸ்ஸில் இறக்கம் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு ஹோல்ட் தள்ளி இறங்கி நடந்து வருகிறவன், ஒன்பது மணிக்கு ஒரு வல்லரசின் பிரதிநிதி ஆகிவிடுவேன்.

படங்களை விளக்குவதும் என் வேலை. எங்கள் ஆக்களுக்குக் கம்பஸ் என்பது ஓர் இடமே இல்லை, கிடைப்பது அல்லது தவறுவது. "மூத்தவனுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது" என்றால் தெருவே நிமிர்ந்து பார்க்கும். "கம்பஸ் தவறிப்போச்சு" என்றால் குரலைத் தாழ்த்துவார்கள். அதனால் 'கம்பஸ் வாழ்க்கை' என்ற பக்கத்தைக் காட்டும்போது தகப்பன்மார் குழம்பிப்போவார்கள். பருத்தித்துறையிலிருந்து வந்த ஒரு ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் தம்பி, படிக்கிற பிள்ளையள் புல்லில படுத்துக் கிடக்கினம்? கட்டில் இல்லையோ?"

"அதுதான் ஐயா கம்பஸ் லைஃப்."

"எங்கட பிள்ளையளும் பங்கருக்குள்ள படுத்துக் கிடந்துதான் படிக்குதுகள். அதை ஒருத்தரும் வந்து படம் எடுக்கேல்ல."

சொல்லிவிட்டு வேலை வாய்ப்புப் பக்கத்தைத் திருப்பினார். எல்லாத் தகப்பன்மாரும் கடைசியில் அந்தப் பக்கத்துக்குத்தான் போவார்கள்.

கந்தோர் விட்டால் எனக்கு அறை. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ரயில் போகும்போது கண்ணாடிக் கிளாசுக்குள் தண்ணீர் நடுங்கும் ஒரு அறை. வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிசில் பதிய வேண்டும், பதிந்த துண்டைப் பொக்கற்றில் வைத்திருக்க வேண்டும். சுற்றிவளைப்பு நாட்களில் ஆமிக்காரர் வாசலில் நிறுத்தி அந்தத் துண்டைப் பார்த்து வாசிப்பார்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை, அந்த வருடங்களில் கொழும்பில் என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரோடும் கதைக்காமல் பொழுது போகும். திங்கள் காலை, நான் அய்யே, அதாவது அண்ணா என்று கூப்பிடும் மருந்துக்கடைச் சிங்களவரிடம் சொல்லும் முதல் வார்த்தை தொண்டையில் கரகரக்கும்.

சரி, அந்த 'ஐ ஆம் கமிங்' கதைக்கு வருகிறேன்.

நாங்கள் ஒரு வீட்டிலிருந்து எழும்பும்போது 'போறன்' என்று சொல்வதில்லை. போறன் என்றால் செத்த வீட்டு வாடை அடிக்கும். 'வாறன்' என்போம். போவதற்கும் அதுதான் சொல். சிங்களத்திலும் அப்படித்தான். மருந்துக்கடை அய்யே கதவை இழுத்துப் பூட்டிவிட்டு எனக்கு "கிஹின் என்னங் மல்லி" என்பார். போய் வருகிறேன் தம்பி. ஊரே இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வவுனியாவிலிருந்து வந்து எங்களிடம் பழகிய ஒரு பெடியன் தூதரகத்தில் எல்லாக் கேள்விக்கும் அழகாகப் பதில் சொல்லி, எழும்பி, மரியாதையாகக் கும்பிட்டு, "ஓக்கே சேர், ஐ ஆம் கமிங்" என்றிருக்கிறான். அதிகாரி பேனையைக் கீழே வைத்து, "நொட் யெட்" என்றாராம். இன்னும் இல்லை. விசாவும் இல்லை.

உண்மையில் அவனுடைய விண்ணப்பத்தில் வேறு பிழைகள் இருந்திருக்கலாம். எங்கள் கந்தோர் அப்படி நம்பவில்லை. அவனுடைய நாக்குத்தான் அவனைக் கவிழ்த்தது என்று தேவா அண்ணை தீர்ப்புச் சொன்னார். மறுநாள் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: 'எழும்பும்போது ஐ ஆம் கமிங் சொல்ல வேண்டாம். தாங்க் யூ, குட்பை என்று மட்டும் சொல்லவும்.'

அந்தத் தாளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவள் ஜெசிந்தா.

கொட்டாஞ்சேனைக்காரி. தகப்பன் ஹாபரில் கிரேன் ஓட்டினவர். ஏ.எல். சோதனையில் சின்ன இடைவெளியில் கம்பஸ் தவறிப்போனவள். அவளுடைய தம்பியை ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோய் மூன்றாம் நாள் விட்டார்கள். வந்தவன் பிறகு அதிகம் பேசவில்லை. "ஒரு பிள்ளையாவது இந்த ஊர்ல இல்லாம இருக்கணும்" என்று தாய் மாதாகோயிலில் நேர்த்தி வைத்து அவளை எங்களிடம் அனுப்பியிருந்தாள். குளிர்நாடு ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. விசா மட்டும்தான் பாக்கி. மறுத்தால் இரண்டாம் முறை விண்ணப்பிக்க அந்த வீட்டில் ஒன்றுமில்லை.

"ஒபிசர், சிரிக்கவே மாட்டீங்களா?" என்று முதல் நாளே கேட்டாள். "ஓம், ஓம்னு தலையாட்டுறீங்க, ஒரு கேள்வியும் கேக்கல்லையே."

"ஓம்" என்றேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது.

கிழமைக்கு மூன்று நாள் வருவாள். வேலை வாய்ப்புப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது: நூலகத்தில் ஒரு மாணவி ஏணியில் நின்று புத்தகம் அடுக்குகிறாள். ஜெசிந்தா அந்தப் படத்தின்மேல் விரலை வைத்தபடிதான் எனக்குப் பதில் சொல்வாள்.

"உங்கள் படிப்பு முடிந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்பேன்.

"ஐ வில் கம் பேக் டு மை கன்ட்ரி, சேர்."

எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்லிக்கொடுத்த பதில் அது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிற எனக்கும் தெரியும், அதிகாரிக்கும் தெரிந்திருக்கும். ஜெசிந்தா சொல்லும்போது மட்டும் அது மெய் மாதிரி இருந்தது. பிறகு எழும்புவாள். கதவடி வரைக்கும் போவாள். திரும்பி, தன்னை அறியாமல், "ஐ ஆம் கமிங்" என்பாள். உடனே நாக்கைக் கடிப்பாள்.

"திரும்ப" என்பேன். திரும்ப வந்து இருப்பாள். எத்தனை தரம் அப்படி எழும்பினாள், எத்தனை தரம் கதவடியில் நின்றாள்! பாலைவனத்தில் தண்ணீர்த்துளி எண்ணுகிறவன் மாதிரி நான் அந்தத் தடவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவர் என் மேசையைவிட்டுப் போய்ப்போய் மறுபடி வருவது எனக்கு அதற்குமுன் நடந்ததில்லை.

இன்டர்வியூவுக்கு முதல்நாள் பின்னேரம், கடைசி ஒத்திகை. தேவா அண்ணை பாங்குக்குப் போயிருந்தார். கீழே காலி வீதியில் செக்பொயிண்டால் வாகனங்கள் தேங்கி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. அவள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். எழும்பினாள். கதவடியில் திரும்பினாள்.

"தாங்க் யூ, சேர். ஐ ஆம் கமிங்."

இந்தமுறை அவள் கவனிக்கவில்லை. நாக்கைக் கடிக்கவில்லை. சிரித்த முகத்தோடு நான் சரி என்று சொல்வதற்காகக் காத்து நின்றாள்.

நண்பரே, எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கடற்கரை அறை. ஞாயிற்றுக்கிழமைகள். நான் 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாளைக்கு அவள் அதையே அங்கும் சொல்லுவாள், அதிகாரி பேனையைக் கீழே வைப்பார், அவள் அடுத்த கிழமையும் இந்தப் படியேறுவாள் என்று நான் நம்பினேன். எங்கள் கந்தோரில் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்றது. பல 'டிக்'குகள் போயின.

"பிழை" என்றேன். "குட்பை."

"ஐயோ! பாருங்க என் வாயை!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "கோவமா ஒபிசர்? முகம் அப்பிடிப் போச்சு."

"திரும்பச் சொல்லுங்கோ."

"குட்பை."

"இன்னொருக்கா."

"குட்பை, குட்பை, குட்பை. போதுமா?"

விசா கிடைத்தது. சொல்ல வந்தபோது வாசலில் நின்றே கத்தினாள். தேவா அண்ணை கேக் வெட்டினார். எனக்குக் கிடைத்த துண்டில் ஐசிங் ரோசாப்பூ இருந்தது. அதை ஏன் இவ்வளவு காலம் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

அவள் புறப்பட்ட நாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இரண்டு இடத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்து ஏற்றினார்கள். "கொஹெத யன்னே?" என்று கேட்ட சிப்பாய்க்கு, எங்கே போகிறேன் என்று சொன்னேன், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒழுங்கை முழுக்க ஹாபரின் தார் வாசமும் யாரோ பொரித்த கருவாட்டு வாசமும். விமான நிலையத்துக்குள் வழியனுப்ப விடாத காலம், அதனால் வாசலிலேயே எல்லாம் முடிய வேண்டும். வான் தயாராக நின்றது. தாயைக் கட்டிக்கொண்டு, "வாறேம்மா" என்றாள். தகப்பனுக்கு, "வாறேன் டாடி." வாய் திறக்காத தம்பியின் தலைமயிரைக் கலைத்து, "வாறேன்டா." பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு, எதிர்வீட்டு நாய்க்குக்கூட வாறேன்.

கடைசியாக மதிலோரம் நின்ற என்னிடம் வந்தாள். முதுகை நிமிர்த்தினாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே கண்ணை நேராகப் பார்த்தாள்.

"தாங்க் யூ, சேர். குட்பை." பிறகு குரலைத் தாழ்த்தி, "சரியாச் சொன்னேனா, ஒபிசர்?"

"சரி" என்றேன்.

முதல் கடிதம் இரண்டு மாதத்தில் வந்தது. நூலகத்தில் இடமில்லையாம், கன்ரீன் குசினியில் வேலை கிடைத்திருக்கிறதாம். 'புத்தகம் இல்ல, கோப்பைதான் அடுக்குறேன்' என்று எழுதியிருந்தாள். 'புல்லில் படுத்துப் பார்த்தேன். ஈரம். பக்கத்தில் படுக்க ஆள் வேணும் போல, படத்தில் நாலு பேர் இருந்தாங்க இல்லையா?' நான் எழுதின பதிலை நாலு நாள் மேசையில் வைத்துத் திருத்தினேன். ஆங்கிலப் பிழை ஒன்றும் இல்லாத, ஒன்றுமே சொல்லாத கடிதம். அவளுடைய இரண்டாம் கடிதம் மெலிந்திருந்தது. மூன்றாவது கிறிஸ்மஸ் கார்ட். அதில் பெயர் மட்டும்.

பல வருடம் கழித்து, யுத்தம் முடிய முன்பே, அவளுடைய தம்பியைப் புறக்கோட்டையில் கண்டேன். இப்போது பேசினான். "அம்மா தவறிட்டாங்க அண்ணா. அக்கா வந்தாங்களே. ஒரு கிழமை நின்னாங்க. எதிர்வீட்டு நாயையும் தேடினாங்க, அது செத்துப்போச்சு."

சொன்ன சொல் தவறாதவள். யார் யாருக்கு வாறேன் என்றாளோ, அவர்களிடம் வந்துதான் போயிருக்கிறாள்.

அந்த மரப்படி இப்போது இல்லை. மருந்துக்கடை இருந்த இடத்தில் பதினொரு மாடி. தேவா அண்ணை கனடாவில் மகளோடு. செக்பொயிண்டும் பொலிஸ் துண்டும் போய்விட்டன, அவை போனதில் எனக்கு வருத்தமில்லை. இன்டர்வியூவையும் இப்போது திரையில் வைக்கிறார்களாம். எழும்பவும் தேவையில்லை, கதவடியில் நின்று திரும்பவும் தேவையில்லை, ஒரு பொத்தானை அமத்தினால் முகம் மறைந்துவிடும்.

நேற்று என் பஸ் வந்ததும், தாளை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு அந்த மஞ்சள் ரீ-ஷேர்ட் பிள்ளையிடம் "வாறன் பிள்ளை" என்றேன். எங்கே வரப்போகிறார் இந்தக் கிழவர் என்பதுபோல் ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையசைத்து, மிகத் திருத்தமாக, "குட்பை, அங்கிள்" என்றாள்.

யாரோ நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்.