ஹுர்ரா போடாத பெயர்

ப்ரேபன் மேடையில் கால் வைத்தாலே எங்கள் ஊர் சிரிக்கும். வசனம் பேச வேண்டியதில்லை, வேஷம்கூட வேண்டியதில்லை. ஹெல்லுப் ஊர் மன்றத்தில் வருஷா வருஷம் பிப்ரவரியில் போடுகிற நாடகத்துக்கு முப்பது வருஷத்துக்கும் மேலாக அவர்தான் கோமாளி. குடிகாரப் பாதிரியார், காது மந்தமான மாமனார், பாவாடை கட்டிய சமையல்காரி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை மனுஷன். முதல் வருஷம் ஒட்டு மீசை கழன்று சூப்பில் விழுந்துவிட, என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். அன்றோடு அவர் விதி முடிவாகிவிட்டது.

பிழைப்புக்கு டிரைவிங் ஸ்கூல். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர்கள் பன்றிப் பண்ணை மதிலை நோக்கிப் போகும்போதெல்லாம் அதை மிதித்து மிதித்து, எந்தப் பயம் வந்தாலும் வலது கால் தானாகத் தரையை அமுக்கும்படி ஆகிவிட்டது. பல் டாக்டரிடம் அமுக்குவார். கல்யாணத்தன்று பாதிரியார் கேள்வி கேட்டபோதும் அமுக்கினார் என்று மனைவி எல்லினோர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

எல்லினோர்தான் நாடகத்துக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவர். மேடையின் முன்விளிம்பில் ஒரு குழி உண்டு. அதற்குள் உட்கார்ந்து பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது தடுமாறினால் கிசுகிசுப்பார். கிசுகிசுப்பு என்று பேர்தான். கடைசி வரிசைக்குக்கூடக் கணீரென்று கேட்கும். ஜனங்கள் அதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்.

இவர்களுக்கு ஒரே பிள்ளை. பேர் எஸ்கில். அதற்கு முன்னால் வேறொரு பேர் இருந்தது, பெண் பேர். அது இப்போது எதற்கு? ஆர்ஹூஸ் பட்டணத்தில் ஒரு பெரிய தியேட்டரில் விளக்குப் போடுகிற வேலை. மூன்று வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவன், சாப்பாட்டு மேசையில் அரிசிப் பாயசம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் உங்கள் மகள் இல்லை, மகன், பேர் எஸ்கில் என்று சொன்னான்.

ப்ரேபன் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச முடியவில்லை என்பதுதான் நிஜம். எங்கள் பாயசத்தில் ஒரே ஒரு முழு பாதாம் போட்டிருக்கும். அது யார் வாயில் வருகிறதோ அவருக்குப் பரிசு. ஆனால் கிடைத்தவர் உடனே காட்டிவிடக் கூடாது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மற்றவர்கள் பானையைக் காலி செய்யும்வரை ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு பாதாம் ப்ரேபனின் இடது கன்னத்தில் இருந்தது. மேசைக்கு அடியில் கால் பிரேக்கை அமுக்குகிறது, வாயைத் திறந்தால் பாதாம் விழும். எல்லினோர், "ஏதாவது சொல்லித் தொலையேன் ப்ரேபன்!" என்று தோளில் ஒரு போடு போட, பாதாம் தொண்டைக்குள் போய்விட்டது. அப்பா முகம் நீலமாகிறது, பிள்ளை எழுந்து ஓடிவந்து முதுகில் குத்துகிறான், பாதாம் பறந்துபோய்க் கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டிக்கொள்கிறது. மூச்சு வந்ததும் ப்ரேபன் சொன்ன முதல் வார்த்தை "எஸ்கில்". இரண்டாவது, "பரிசு எனக்குத்தான்." மூன்று பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள்.

வீட்டில் விஷயம் அதோடு முடிந்தது. ஊரில்தான் முடியவில்லை.

எங்கள் ஊர் கெட்ட ஊர் இல்லை. ப்ரேபன் ஊர்க் கடையிலும் மன்றத்திலும் எல்லோரிடமும் தானே போய்ச் சொன்னார். ஒருவர்கூட ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. அப்படியா என்றார்கள், இந்த வருஷம் காற்று அதிகம் என்றார்கள். அப்புறம் பிள்ளையை விசாரிக்க நினைக்கிறவர்கள் ஊரை விசாரிக்க ஆரம்பித்தார்கள். "ஆர்ஹூஸ்ல எல்லாம் நல்லா இருக்கா?" என்பார் பன்றிப் பண்ணை ஹெர்லுஃப். ஆர்ஹூஸ் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கென்ன கேடு?

ப்ரேபனுக்கு உறுத்தியது இன்னொன்று. எங்கள் மன்றத்தில் எதற்கும் ஹுர்ரா உண்டு. ஒருவர் கண்ணாடிக் குவளையைத் தூக்கி, இன்னார் நீடூழி வாழ்க என்று சொன்னால் போதும், அத்தனை பேரும் எழுந்து நின்று மூன்று ஹுர்ரா போடுவோம், அதன் பிறகு மூச்சு முட்ட ஒரு நீள ஹுர்ரா. எழுந்திருக்கலாமா என்று யாரும் யோசிப்பதில்லை. தும்மல் மாதிரி தானாக வரும். ஞானஸ்நானம், கல்யாணம், பிறந்தநாள் என்று ஊரில் உள்ள ஒவ்வொரு பேரும் அந்தக் கூரைக்குக் கீழே ஒரு தடவையாவது ஹுர்ரா வாங்கியிருக்கிறது. மன்றத்துக்குப் புதுக் கழிப்பறை கட்டியபோது அதற்கும் போட்டோம். எஸ்கில் என்ற பேருக்கு மட்டும் போடவில்லை. எல்லினோரின் அறுபதாவது பிறந்தநாளில் ஹெர்லுஃப் குவளையைத் தூக்கி எல்லினோர் வாழ்க, ப்ரேபன் வாழ்க என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, எஸ்கிலிடம் வந்ததும் இருமி, "குடும்பம் வாழ்க" என்று முடித்துவிட்டார். எஸ்கில் எல்லோரோடும் எழுந்து நின்று ஹுர்ரா போட்டான். ப்ரேபனுக்கு அன்று கேக் இறங்கவில்லை.

இந்த வருஷம் நாடகக் குழுவுக்குப் பழைய கேலி நாடகங்கள் எல்லாம் புளித்துப்போயின. எஸ்கில் ஒன்று எழுதி அனுப்பினான். ஒரு தம்பதிக்கு வெள்ளி விழா விருந்து. வீட்டை விட்டுப் போன பிள்ளை, மிக்கெல் என்ற பேரோடு மகனாகத் திரும்பி வருகிறான். குழு ஒப்புக்கொண்டது கலை ஆர்வத்தால் என்று நினைக்க வேண்டாம். நாலே பாத்திரம், ஒரே அறை, மேடையிலேயே சாப்பாடு. அப்பா வேஷம் ப்ரேபனுக்கு. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மால்டே என்ற இளைஞன் மிக்கெல். விளக்கு எஸ்கில் பொறுப்பு. மன்றத்தின் பின்பக்கம் ஏணி போட்டு ஏறுகிற சின்ன மாடத்தில்.

கடைசிக் காட்சியில் அப்பா எழுந்து நிற்பார், குவளையைத் தூக்குவார், "என் மகன் மிக்கெல், நீடூழி வாழ்க" என்பார். உடனே விளக்கு அணையும். இருட்டு, அமைதி, அவ்வளவுதான் நாடகம். ஒத்திகை முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது எஸ்கில் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னான்.

"அப்பா, வேற எங்க வேணா அவங்க சிரிச்சிக்கட்டும். அந்த எடத்துல மட்டும் சிரிச்சிட்டாங்கன்னா, நான் இந்த மன்றத்துக்குள்ள திரும்ப வர மாட்டேன். கோவத்துல சொல்லல. என்னால முடியாது, அவ்வளவுதான்."

ப்ரேபன் சரி என்றார். பாவாடையைக் கண்டால் சிரி என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே என்று அன்று எல்லினோரிடம் புலம்பினார். கண்ணாடி முன்னால் நின்று சிரிப்பு வராத முகம் ஒன்றைப் பழகினார். எட்டிப் பார்த்த எல்லினோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாடகத்தன்று வழக்கம்போல மன்றம் நிரம்பி வழிந்தது. தோல் மொறுமொறுத்த பன்றி வறுவல், பழுப்புக் குழம்பு, உருளைக்கிழங்கு. பாதித் தட்டுகள் காலியாவதற்குள்ளேயே திரை ஏறிவிட்டது. ப்ரேபன் கோட்டும் டையுமாக உள்ளே வந்தார். வாய் திறக்கவில்லை. ஹெர்லுஃப் மேசையைத் தட்டினார். அவர் சிரிப்பு குளிர்காலத்து டிராக்டர் மாதிரி, இருமி இருமிப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் மன்றமே அதன் பின்னால் போகும். போனது.

ப்ரேபன் கடுமையாக முறைத்தார். இன்னும் சிரித்தார்கள். "இன்னைக்கி வெயில் நல்லா இருக்கு" என்பது ஒரு வசனம். அதில் என்ன இருக்கிறது, அதற்கும் ஒரு பெண் மூக்குவழியாக பீரைச் சிந்தினாள். கால் பிரேக்கை அமுக்கியது, அவரிடம் கார் கற்றவர்கள் எல்லாம் ஒரே குரலில், "பிரேக்! பிரேக்!" என்று கத்தினார்கள். ஐயோ, எப்படிப்பட்ட சிரிப்பு அது! வேறு எந்த வருஷமாக இருந்தாலும் ப்ரேபன் சொர்க்கத்துக்கே போயிருப்பார். இந்த வருஷம் ஒவ்வொரு சிரிப்புக்கும் அவர் மாடத்தை அண்ணாந்து பார்த்தார். விளக்கில் கண் கூசியது, பிள்ளையின் முகம் தெரியவில்லை.

அப்புறம் மால்டே வந்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் மிக்கெல், உங்கள் மகன் என்றான். எஸ்கில் எழுதியிருந்தபடி மேடையில் யாரும் பதில் சொல்லவில்லை. அவனுக்கு நாற்காலி இல்லை, தட்டும் இல்லை. நின்றுகொண்டே இருந்தான். சிரிப்பு அடங்கியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எங்களால் எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியும், விருந்தில் ஒருத்தன் தட்டில்லாமல் நிற்பதைப் பார்க்க முடியாது. இரண்டாவது மேசையிலிருந்து ஹெர்லுஃபின் மனைவி ஆக்னெத்தே எழுந்தார். தன் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக மேடைக்கு வந்தார்.

"என்ன ஜனங்கய்யா நீங்க? பையன் இவ்வளவு தூரம் வந்திருக்கான், ஒரு உருளைக்கிழங்கு போட ஆளில்லையா?"

தட்டை மால்டே கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். மன்றம் அதிர்ந்தது, கைதட்டலும் சிரிப்பும். மால்டே பாவம், பிரதியில் இல்லாத உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வசனத்தைச் சொன்னான். குழிக்குள்ளிருந்து எல்லினோர், "முழுங்கிட்டுப் பேசு!" என்று கிசுகிசுத்தது வாசலில் கோட்டு வாங்கி வைப்பவருக்குக்கூடக் கேட்டிருக்கும். ப்ரேபன் காதில் ஒரு சொல்தான் நின்றது. பையன். ஆக்னெத்தே பையன் என்றாரே.

கடைசிக் காட்சி வந்துவிட்டது. ப்ரேபன் எழுந்தார். கால் அமுக்கியது. ஹெர்லுஃபின் டிராக்டர் இருமத் தொடங்கியது. குவளையைத் தூக்கினார், அதில் இருந்த மது மேசை விரிப்பில் சொட்டியது.

"என் மகன்..." என்றார். பேர் போய்விட்டது. முப்பது வருஷத்தில் வசனம் மறந்தவரில்லை, அன்றைக்குத் துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது.

"மிக்கெல்!" என்றது குழி.

எல்லோரும் சிரித்தார்கள். இதோ, அந்த இடம். சிரிக்கக் கூடாத இடம். ப்ரேபன் குனிந்து குழியைப் பார்த்தார், நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தார்.

"இல்ல எல்லினோர்," என்றார். "எஸ்கில்."

சிரிப்பு நின்றது.

"என் மகன் எஸ்கில். நீடூழி வாழ்க."

விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை. மாடத்தில் இருந்தவன் கை ஓடாமல் நின்றுவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. ப்ரேபன் வெளிச்சத்தில் குவளையோடு அப்படியே நிற்கிறார், எதிரே ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. பிள்ளையின் நாடகத்தைக் கெடுத்தேன், அவன் பேரையும் சந்திக்கு இழுத்தேன், எல்லாம் போச்சு என்று நினைத்தார். அழுகை வந்தது.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஹெர்லுஃப் எழுந்து நின்றிருந்தார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரிந்ததா என்பது சந்தேகம்தான். குவளை உயர்ந்தது, வாழ்க என்று காதில் விழுந்தது, உடம்பு எழுந்துவிட்டது. ஆனால் எழுந்த பிறகு உட்காரலாமே? அவர் உட்காரவில்லை. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். ஆக்னெத்தே எழுந்தார். அப்புறம் நாற்காலிகளெல்லாம் ஒரே சமயத்தில் பின்னால் போயின.

ஹுர்ரா! ஹுர்ரா! ஹுர்ரா! மேடையில் மால்டேயும், தான் மிக்கெல் என்பதை மறந்துவிட்டு, முட்கரண்டியைத் தூக்கிக்கொண்டு கத்தினான். எல்லினோரின் தலை குழியிலிருந்து முளைத்தது, பிரதி எங்கேயோ பறந்தது. பிறகு அந்த நீள ஹுர்ரா. மூச்சு தீர்ந்தவர்கள் நிறுத்த, தீராதவர்கள் இழுக்க, ஹெர்லுஃப் முகம் சிவந்து தனியாக இன்னும் கொஞ்சம் இழுத்து முடித்தார்.

யாரும் உட்காரவில்லை. எல்லா முகங்களும் மாடத்தின் பக்கம் திரும்பியிருந்தன. விளக்குகளுக்குப் பின்னால் எஸ்கில் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ப்ரேபன் தன் வலது காலைப் பார்த்தார். அது சும்மா இருந்தது.

ஹெர்லுஃப் தொண்டையைச் செருமினார். மூன்று வருஷமாக அந்தப் பிள்ளையை எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடாத மனுஷன், மாடத்தைப் பார்த்து வாயருகே கையைக் குவித்துக்கொண்டார்.

"ஏ எஸ்கில், வெளக்க அணைடா! நாடகம் முடிஞ்சாத்தானே காபி ஊத்துவாங்க!"